வெள்ளைத் துணியில் ஒரு பனியன் ஊர்

எங்கள் பனியன் ஊரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, திங்கட்கிழமை வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பது என்பது ஊர் தோன்றிய நாளிலிருந்து நடப்பதுதான். யார் எதற்காக எங்கே தாவுகிறார்கள் என்று முதலாளிகளுக்கும் தெரியாது, தாவுகிறவர்களுக்கே பாதி நேரம் தெரியாது, ஆனாலும் திங்கட்கிழமை காலையில் எல்லா மிஷினுக்கும் முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஊரும் ஓடிவிடும். இதையே அதிசயமாக நினைக்காத எங்களுக்கு, கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தரும் இந்திராணி கம்ப்யூட்டரில் எழுதிய புள்ளிகள், புரட்டாசி மாதத்தில் ஒருநாள் கரண்ட் போய் ப்ரொஜெக்டர் அணைந்த பிறகும் துணியிலேயே தங்கி நடமாடியது மட்டும் எப்படிப் பெரிய அதிசயமாகத் தெரியும்?

இந்திராணி அந்தப் பாடத்தைக் கோடை விடுமுறையில் தானே இணையத்தில் தேடித் தேடிப் படித்திருந்தாள். புதிதாகக் கற்பவர்களுக்கென்று இலவசமாகக் கிடைத்த பாடங்கள், வீடியோக்கள், செய்து பார்க்கச் சின்னச் சின்னப் பயிற்சிகள் எல்லாமே ஒன்றைத்தான் சொன்னதாம். ஊர் என்ன செய்யும் என்று ஊரைக் கேட்காதே, ஒரு ஆளைப் பிடித்து நீ என்ன செய்வாய் என்று கேள், அவன் சொன்னதை ஒரு புள்ளிக்கு விதியாகக் கொடு, அடுத்த ஆளுக்கு அடுத்த புள்ளி, இப்படி ஆயிரக்கணக்கில் செய்து அத்தனை பேரையும் ஒரே இடத்தில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார், ஊர் தானாக உண்டாகும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனி மாதத்தில் அவளுடைய மாணவர்கள் டீ நேரத்தில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நின்று, வேறு இடத்தில் கூடக் கொடுத்தால் போவீர்களா, வேலை நின்றுபோனால் எத்தனை நாள் பார்ப்பீர்கள், அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டார்கள்; டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், துணியைக் கைமடித்துக் கொடுக்கும் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் என்று எல்லாரும் ஒரு கையில் டீயும் மறு கையில் பன்னுமாகப் பதில் சொன்னார்கள்.

கல்லூரித் திரை கிழிந்து போயிருந்ததால் ஒரு மாணவி அப்பாவின் கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் துணி கொண்டுவந்து சுவரில் கட்டியிருந்தாள். அந்தத் துணியில்தான் புள்ளிகள் தங்கிவிட்டன. கட்டம் கட்டமாகக் கம்பெனிகள், கோடு கோடாக ரோடுகள், அவற்றில் கடுகு அளவில் கறுப்பாக மனிதர்கள். கரண்ட் போனதும் வகுப்பு இருட்டானது, புள்ளிகள் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. யாராவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை என்றாள் இந்திராணி.

கல்லூரியில் பரீட்சை வந்துவிட்டதால் துணியைச் சுருட்டாமல் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, கல்யாணப் பந்தலில் சீர் எடுத்துவருவதைப் போல ரோட்டில் நடத்திக் கொண்டுவந்து, ஐயன்கோயில் வீதி மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளை ஒட்டிப் போட்டு விரித்தார்கள். மறுநாளே ஊர் வந்துவிட்டது. எல்லாப் புள்ளியும் ஒரே கறுப்புதான் என்றாலும் நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். முருகேசு மாஸ்டர் எங்கே போனாலும் சுற்றுவழியில் போவார், துணியிலும் போனார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பையன் ஒரே கம்பெனியில் நிலைத்து நிற்கிறானா என்று துணியில் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவதி மஞ்சள் குங்குமம் தூவப் போக, குங்குமம் ரோட்டை அடைத்து ஒரு ஷிப்டே தாமதமாகி, அன்றிலிருந்து மண்டபத்தில் குங்குமத்துக்கும் மின்விசிறிக்கும் தும்மலுக்கும் தடை போட்டார்கள். முதலாளிகள் சங்கத்துச் செயலாளர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எந்தக் கம்பெனியில் ஆர்டர் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்ல, இந்திராணி அதை லேப்டாப்பில் ஏற்றினாள். அவள் லேப்டாப்பில் எதை எழுதினாலும் மறுநாள் காலையில் துணி அதைக் கேட்டது. சாயங்காலமானால் புள்ளிகள் அவரவர் கம்பெனி வாசலிலேயே நின்று விடியும்வரை காத்திருந்தன. அதைப் பார்த்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆர்டர் நேரத்தில் எங்களில் பாதிப் பேர் பிழைப்பும் அப்படித்தான் ஓடுகிறது.

மயிலாத்தா ஐப்பசியில்தான் வந்தாள். அவள் மகன் நவநீதன் குமரேசன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன், ஆடி மாதத்தில் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது பைபாஸ் வளைவில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அவனுக்கு முன்பே அவன் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். கம்பெனிகளிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டு, வாசலில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு மூட்டை எடுக்க வந்தவள், மண்டபத்தில் கூட்டமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டாள். குமரேசன் கம்பெனிக் கட்டத்திலிருந்து ஒரு புள்ளி டீக்கடைப் பக்கம் வந்தது, பாதி வழியில் நின்றது, எதையோ மறந்துவிட்டாற்போலத் திரும்பி ஓடியது, மறுபடி வந்தது. எந்த வழியையும் நவநீதன் ஒரே மூச்சில் நடந்ததில்லை. மாணவர்கள் ஆனியில் கேட்டார்கள், அவன் ஆடியில் போனான். இந்திராணியின் துணியில் வேலை உண்டு, கூலி உண்டு, ஊரை விட்டுப் போவதுகூட உண்டு, சாவு என்ற ஒன்றை அவள் எழுதவே இல்லை, முதல் பாடத்தில் அது வராது.

“என்ற பையனுங்க,” என்றாள் மயிலாத்தா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். “பாருங்க, ஓடறான் பாருங்க. மெதுவாப் போடான்னு எத்தன தடவ சொல்லீருப்பேன்.”

மறுநாளிலிருந்து அவள் பிசிறு மூட்டையை மண்டபத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். அவளுக்கென்று மேசை ஓரமாக ஒரு நாற்காலி போட்டோம். வெட்டுவாள், பார்ப்பாள், வெட்டுவாள். அவன் ஷிப்டுக்குப் போனால் சிரிப்பாள், டீக்கு வந்தால் சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லுடா என்பாள். பைத்தியம் என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர்களை நாங்கள் சும்மா விட்டிருக்கமாட்டோம். ஆனால் சாயங்காலமானால் அவள் முகம் வாடிவிடும். எல்லாப் புள்ளியும் போல அவனும் கம்பெனி வாசலில் நின்றுகொள்வான்.

“டீச்சரம்மா,” என்று ஒருநாள் கேட்டாள். “பொழுது சாஞ்சா ஊட்டுக்கு வர மாட்டீங்கறானே, என்னுங்க அது?”

“வீடுன்னே நான் ஒண்ணும் எழுதலீங்க அக்கா,” என்றாள் இந்திராணி. “கம்பெனி மட்டுந்தான் எழுதுனேன்.”

“ஊடு இல்லாம எப்புடீங்க ஒரு ஊரு?”

இந்திராணி அன்றைக்கே உட்கார்ந்து வீடுகளை எழுதினாள். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டில் ஆளில்லை என்றால் கூட்டாளிகள் இருக்கும் இடத்துக்குத் திரும்பவேண்டும், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் துணி முழுக்கப் புள்ளிகள் அசைந்து, சந்து சந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றாக வீடுகளுக்குள் போனபோது மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அப்புறம் எல்லாருமே. அதன்பின் ஆறு மணிக்கு மண்டபத்தில் நிற்க இடம் கிடைக்காது. சினிமா தியேட்டர்காரர் வந்து இந்திராணியிடம் சண்டை போட்டுவிட்டு, அப்படியே நின்று, பகலில் கம்பெனிக்குப் போகும் தன்னுடைய டிக்கெட் கிழிக்கும் ஆள் வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

நவநீதனும் போனான். பாதி வழியில் நின்று, ஓடி, மறுபடி நடந்து, வாய்க்கால் மேட்டுச் சந்தில் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். மயிலாத்தா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவன் வாசலில் சித்த நேரம் நின்றான், உள்ளே போகவில்லை, திரும்பிக் கூட்டாளிகளின் ரூம் பக்கம் நடந்தான்.

“ஏனுங்க திரும்பறான்?” அவள் குரல் உடைந்துவிட்டது. “நா இங்கதான இருக்கறேன், டீச்சரம்மா? நா ஊட்டுல இல்லையா?”

இந்திராணி லேப்டாப்பை மூடிவைத்தாள். சொல்லித்தான் ஆகவேண்டும். “அக்கா, நீங்க இதுல இல்லீங்க. கம்பெனி வாசல்ல பாத்தவங்களத்தான் எழுதுனோம். வீட்ல இருந்து பிசிறு வெட்டறவங்கள ஒருத்தருமே கேக்கல.”

இந்த ஊரில் பிசிறு வெட்டாத வீடு எது? கப்பலேறும் ஒவ்வொரு பனியனும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்ணின் மடியில் கிடந்துவிட்டுத்தான் போகிறது. ஆனாலும் அதை வேலை என்று நாங்களும் சொன்னதில்லை, அவர்களும் சொன்னதில்லை, வீட்டில் சும்மாத்தான் இருக்கிறாள் என்போம். அதனால் துணியில் இருந்த அத்தனை வீடும் தாய் இல்லாத வீடாக இருந்தது.

இந்திராணி நாற்காலியை இழுத்துப்போட்டு மயிலாத்தாவின் எதிரில் உட்கார்ந்தாள், எல்லாரிடமும் கேட்டதையே கேட்டாள். வேறு கம்பெனி மூட்டைக்குக் கூடக் கொடுத்தால் மாறுவீர்களா? மாறமாட்டேன், வருகிற பையன் பழகினவன். வேலை நின்றுபோனால் எத்தனை நாள் பார்ப்பீர்கள்? நா எங்க போறது, பாத்துட்டேதான் இருப்பேன். அதற்குப் பிறகு?

மயிலாத்தா துணியைப் பார்த்தாள். “என்ற பையன் எங்க போறானோ அங்க போவேன். அவ்வளவுதானுங்க. எழுதிக்கங்க.”

மறுநாள் வாய்க்கால் மேட்டுச் சந்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. முழங்கால் வலிக்காரி நடப்பதைப் போலவே அது வாசலுக்கும் உள்ளுக்கும் சாய்ந்து சாய்ந்து நடந்தது. ஆறு மணிக்கு நவநீதன் வந்தான், வாசலில் நின்றான், உள்ளே போனான். வீட்டுக்குள் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு இருந்தன, விடியும்வரை அசையவில்லை. மயிலாத்தா சத்தம் போட்டு அழுதாள், ஆடி மாதத்தில்கூட அவள் அப்படி அழவில்லை. அடுத்த நாளே மற்றப் பெண்கள் எல்லாரும் வந்து எங்களையும் எழுதுங்கள் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அந்த ஐப்பசி கார்த்திகை போல ஒரு காலம் எங்கள் ஊருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

மார்கழியில் ஆர்டர் நின்றது. எங்கோ கடலுக்கு அப்பால் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றார்களாம், ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் செயலாளர் சொல்லச் சொல்ல இந்திராணி ஏற்றினாள், துணியில் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன, வெளுத்த கட்டங்களின் வாசலில் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக நின்றன. அப்புறம் அவை சொன்ன கெடு முடிய முடிய, தெற்கே போகிறவை தெற்கு ஓரத்துக்கும், ரயில் ஏறுகிறவை கிழக்கு ஓரத்துக்குமாக நடந்து, துணியின் விளிம்பை அடைந்து, அதற்கு மேல் இல்லாமல் போயின. விழவில்லை, கீழே தரையில் தேடியும் பார்த்தோம். நிஜ ஊரிலும் ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு கூட்டம் நெரிந்தது.

நவநீதன் ஆனி மாதத்தில் என்ன சொல்லியிருந்தான் என்று மயிலாத்தாவுக்கு இந்திராணியே சொன்னாள். கூடக் கொடுத்தாலும் தனியாகப் போகமாட்டேன் என்றிருக்கிறான். வேலை நின்றால் ஒரு மாதம் பார்ப்பானாம், அப்புறம் கூட்டாளிகள் எங்கேயோ அங்கே அவர்களோடு ஒட்டுக்காகப் போவானாம்.

மயிலாத்தா பதறிவிட்டாள். “அவன் போகக்கூடாது, டீச்சரம்மா. ஒருக்கா போனானே, அது போதாதுங்களா?”

செய்தி ஊருக்குள் பரவியது. குமரேசன் முதலாளியே மண்டபத்துக்கு வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து மயிலாத்தாவின் முன்னால் நின்றார். “நீ அழுகாத ஆத்தா. மேடம், எழுதிக்கங்க, ஆர்டர் இருந்தாலும் இல்லீன்னாலும் என்ற கம்பெனில நவநீதனுக்கு மட்டும் என்னிக்கும் வேல உண்டு.” சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அதைக் கேட்டு இன்னொரு முதலாளி போனஸும் உண்டு என்றார், இன்னொருவர் சூப்பர்வைசராகவே போட்டுக்கொள்கிறேன் என்றார். குமரேசன் சொன்னதை இந்திராணி லேப்டாப்பில் ஏற்றினாள், ஊரே நெகிழ்ந்துபோனது. அந்த வாரச் சனிக்கிழமைதான் குமரேசன் கம்பெனியில் மிச்சம் இருந்த டெய்லர்கள் எல்லாரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். உயிரோடிருப்பவனுக்கு ஒரு மாதம் சோறு போடச் சொன்னால் இவர்கள் கையை விரிப்பார்கள், செத்தவனுக்கு நிரந்தர வேலை கொடுப்பார்கள். புள்ளிக்குப் பசிக்காது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்ல அன்றைக்கு எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை, மயிலாத்தா அத்தனை சந்தோஷமாக இருந்தாள்.

பிஜய் வந்தது தை பிறந்த பிறகு. ஒடிசாப் பையன், நவநீதனுக்குப் பக்கத்து மிஷின், எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவான். தோளில் பையோடு நேராக மயிலாத்தாவிடம் வந்து காலைத் தொட்டான்.

“போய்ட்டு வாறேனுங்கம்மா. எங்க ரூமு பசங்க அல்லாரும் போறம். சூரத்துல வேல இருக்குதாம்.”

“சாப்புட்டயா சாமி?”

“சாப்புட்டனுங்க.” சாப்பிடவில்லை என்று முகம் சொன்னது. அவன் துணியைக் குனிந்து பார்த்தான். கிழக்கே போகும் ரோட்டில் அவனுடைய புள்ளி, கூட ரூம் பையன்களுடைய புள்ளிகள். குமரேசன் கம்பெனிக் கட்டம் ஒன்று மட்டும் வெளுக்காமல் இருக்க, அதற்குள் ஒரே ஒரு புள்ளி. “இவன் எதுக்கும்மா தனியா உக்காந்துட்டு இருக்கறான்?”

டீ நேரம் வந்தது. நவநீதன் கட்டத்தை விட்டு வெளியே வந்து டீக்கடைக்கு நடந்தான். டீக்கடையில் யாரும் இல்லை. அவன் நடுவில் நிற்கவில்லை, திரும்பி ஓடவும் இல்லை, ஒரே சீராகப் போய், சித்த நேரம் இருந்து, ஒரே சீராகத் திரும்பி வந்தான். அவன் எப்போதிருந்து இப்படி நடக்கிறான் என்று மயிலாத்தா யோசித்தாள். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், இருக்கிறானே என்ற சந்தோஷத்தில் நடையைக் கவனிக்கவில்லை. அவன் மறந்துவிட்டு ஓடியதெல்லாம் கூட்டாளி யாரையாவது கூப்பிட்டு வரத்தான்.

பிஜய் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டான். மயிலாத்தா கத்திரியை மூட்டைமேல் வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

“அந்த வேலைய எடுத்துருங்க, டீச்சரம்மா.”

“எடுத்தா போயிருவானுங்க அக்கா.”

“போகட்டும். அல்லாரும் போறப்ப அவன மட்டும் புடிச்சுக் கட்டி வெச்சா, அவனுக்கு என்னங்க இருக்குது இங்க? தனியா ஒரு டீ கூடக் குடிச்சதில்லீங்க அவன்.”

இந்திராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க புள்ளியும் கூடப் போயிருமுங்க. நீங்க அப்படித்தான சொல்லீருக்கீங்க. வேணும்னா அத மட்டும் மாத்தி எழுதறேன். அதாச்சும் இருக்கட்டும், பாத்துட்டு இருக்கலாம்.”

“அழிச்சுப் போடாதீங்க,” என்றாள் மயிலாத்தா. “நா சொன்னது சொன்னதுதான்.”

மறுநாள் காலையில் ஊரில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தோம். குமரேசன் கம்பெனிக் கட்டம் வெளுத்தது. நவநீதன் வெளியே வந்தான், வாசலில் நின்றான், அவன் கெடு எப்போதோ முடிந்துவிட்டதால் அதிக நேரம் நிற்கவில்லை. துணியின் கிழக்கு ரோட்டில் விளிம்புக்குப் பக்கத்தில் பிஜயுடைய புள்ளியும் மற்றவர்களுடையவையும் இன்னும் போய்க்கொண்டிருந்தன. அவன் நடந்தான், பாதியில் நின்றான், பிறகு ஓடினான், பழைய ஓட்டம். மயிலாத்தா சிரித்துவிட்டாள். வாய்க்கால் மேட்டுச் சந்திலிருந்து அவளுடைய புள்ளியும் இறங்கி, சாய்ந்து சாய்ந்து, ரோட்டைப் பிடித்து அவன் பின்னாலேயே போனது. அது எட்டாமல் போய்விடுமோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நவநீதன் நின்றான். ஏன் நின்றான் என்று இந்திராணிக்குத் தெரியாது, அப்படி ஒரு விதியை அவள் எழுதவில்லை. பின்னால் வந்த புள்ளி வந்து சேர்ந்ததும் இரண்டும் ஒட்டுக்காக விளிம்பைத் தாண்டின.

துணி வெள்ளையாகக் கிடந்தது. ஓரத்தில் அங்கங்கே இருந்த சில புள்ளிகளை யாரும் பார்க்கவில்லை. இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். மயிலாத்தா மட்டும் அவர்கள் போன இடத்தையே பார்த்துக்கொண்டு, உட்காரவும் இல்லாமல் கிளம்பவும் இல்லாமல், மேசையைப் பிடித்தபடி நின்றாள்.

“குடுத்து வெச்சவ,” என்றாள், துணியில் போன தன்னையே பார்த்துப் பொறாமைப்பட்டவளாக. “அவ போயிட்டா.”